கேட்ட நாற்றம்

ரேக்யவிக்கில், துறைமுகத்திலிருந்து மேலேறும் தெருவில்
மூன்று குடித்தனத்துக்கு ஒரு துவைக்கும் அறை.
நிலத்தடியில். நீலக் கதவு.
கதவில் ஸ்டெய்ன்வோர் ஒட்டிய அட்டவணை:
திங்கள் அவள், புதன் நான்,
வெள்ளி, கூரைக்குக் கீழே குடியிருக்கும் தோர்கில்ஸ்.
ஞாயிறு யாரும் துவைக்கக் கூடாது.
காரணம் எழுதவில்லை.

பிப்ரவரியில் அதற்கடியில்
சிவப்பு மையில் ஒரு வரி முளைத்தது:
இங்கே ஏதோ செத்துக் கிடக்கிறது.

எனக்குத் தெரியாது.
போன வருடக் காய்ச்சல்
என் மூக்கைக் கொண்டுபோய்விட்டது.
காப்பி சுடுகிறது, அவ்வளவுதான்.
சோப்பு வழுக்குகிறது.
ரொட்டி கருகுவது
புகை கண்ணில் பட்ட பிறகுதான்.

மூக்குள்ளவர்கள் கூடிப் பேசினார்கள்.
வெந்நீர்தான் என்றார் தோர்கில்ஸ்.
மண்ணுக்கடியிலிருந்து கந்தகத்தோடு வருகிற நீர்,
பிறந்ததிலிருந்து முட்டை வாடையில்தானே குளிக்கிறோம்.
மெஷின் குடிப்பது பச்சைத் தண்ணீர் என்றாள் ஸ்டெய்ன்வோர்,
நாறுவது உன் கப்பல் சட்டை.
அவர் சட்டைக் கையை முகர்ந்துகொண்டே படியேறினார்.
அந்த வாரம் முழுக்கக் குளியல் தொட்டியில்
கையாலேயே துவைத்தார்;
என் தலைக்குமேல் ஓடிய குழாய் சொன்னது.

சட்டை மேலே போயும்
நாற்றம் கீழேதான் இருந்ததாம்.

அவள் சும்மா இருக்கவில்லை.
கதவின் ரப்பர் மடிப்பை விரித்துத் துடைத்தாள்:
கறுப்பு வழவழப்பு, ஒற்றைக் குழந்தைக் காலுறை.
இந்த வீட்டில் குழந்தை இல்லை.
வினிகர் ஊற்றி, துணியில்லாமல்,
தொண்ணூறு டிகிரியில் ஓடவிட்டாள்.
வடிகட்டியைத் திருகி எடுத்தாள்:
ஒரு திருகாணி, முடிக் கற்றை,
காட் மீன் பொறித்த ஒரு குரோனா.
நாணயத்தைக் கழுவி அட்டவணையில் ஒட்டினாள்,
உரியவர் எடுத்துக்கொள்ள.
உரியவர் வரவில்லை. உரியதும் போகவில்லை.

புதன் என் முறை.
மூக்கைப் பொத்த வேண்டாதவள் என்பதால்
அங்கேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.
சுற்றியது. நின்றது. நீரை வெளியே தள்ளியது.
சுவர்க் குழாயில் இறங்கிய நீரின் வால் முனையில்
ஒரு சத்தம்.
களக். களக். பிறகு ஓர் உறிஞ்சல்,
சூப்பின் கடைசி வாயைக்
கிண்ணத்தோடு உறிஞ்சுகிற மாதிரி.

யார் குடிக்கிறார்கள் இங்கே?

டார்ச் அடித்துப் பார்த்தேன்.
மெஷினின் சாம்பல் நிறக் குழாய்
சுவர்க் குழாய்க்குள் முழங்கை ஆழம் இறங்கியிருந்தது.
வாயைச் சுற்றி வெள்ளி டேப், ஐந்தாறு சுற்று,
ஒரு மூச்சு நுழைய இடமில்லை.
கீழே வளைவில் எப்போதும் தேங்கி நிற்க வேண்டிய நீர்
போகிற நீரோடு இழுபட்டுப் போயிருக்கிறது.
அந்த ஒரு கோப்பை நீர்தான் கதவு.
அது இல்லையென்றால்
ஊரின் சாக்கடை மொத்தமும் மெதுவாக மேலேறி
நம் துண்டுகளில் வந்து உட்காரும்.

டேப் தோர்கில்ஸ் சுற்றியது.
அக்டோபரில் நீர் தெறித்ததென்று
அதே சிவப்பு மை அவரைத் திட்டியிருந்தது.
மனிதர் கப்பலில் கட்டுவதுபோல் கட்டியிருக்கிறார்,
புயலுக்கு.

கத்தியால் அறுத்தேன்.
குழாயை இரண்டு சாண் மேலே இழுத்துக்
கம்பியால் சுவரோடு கட்டினேன்.
வளைவுக்கு ஒரு ஜாடி தண்ணீர்.
தரை மூலையில் யாரும் பார்க்காத ஒரு சல்லடை மூடி,
அதன் தொண்டையும் வறண்டுதான் கிடந்தது;
அதற்கும் ஒரு ஜாடி.
அடுத்த முறை நீர் இறங்கியபோது
எதுவும் உறிஞ்சவில்லை.
சும்மா போயிற்று.

வெள்ளிக்கிழமை இருவரும் வாசலில் நின்று
மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள்.
இல்லை என்றாள்.
இல்லைதான் என்றார்.
வேறெதிலும் அவர்கள் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை.
நானும் இழுத்துப் பார்த்தேன்.
குளிர்ந்த காற்று.

சிவப்பு வரியை அவள் அழிக்கவில்லை,
பக்கத்தில் ஒரு தேதி மட்டும் போட்டாள்.
தோர்கில்ஸின் சட்டை கொடியில் தொங்கியது,
அவள் போர்வைக்கும் என் பாவாடைக்கும் நடுவில்.

அவர்கள் போன பிறகு
வளைவில் இன்னொரு ஜாடி ஊற்றினேன்.
தேவையில்லை.
கேட்பதற்காக.